ஆறு கோப்பை ரத்தம்

"ஐயோ... ரத்தம்! டாக்டரே, ஓடி வாருங்க!"

நர்ஸ் ஜெபகுமாரியின் அலறலில், இரணியலுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியே எழுந்து உட்கார்ந்தது.

முதல் வார்டு. ஆறு கட்டில். ஆறு சளிக் கோப்பை.

ஆறிலும் சிவப்பு!

டாக்டர் ரசலையன் தலையில் கை வைத்தார். பாவம், மனுஷனுக்கு 1953-ஆம் வருஷமே சரியில்லை. ஊசியோடு பாஸ் என்ற புது மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் காசம் ஓடுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். முதல் வார்டுக்கு இரண்டும். இரண்டாம் வார்டுக்கு வெறும் ஊசி. முதல் வார்டு தேறினால் எல்லோருக்கும் மாத்திரை. தேறாவிட்டால் சோதனையே நிறுத்தம்!

மூன்று மாதமாகியும் சளியில் கிருமி குறையவில்லை. ஆறு பேருக்கும் கன்னம் மட்டும் உப்பிக்கொண்டே போனது... அதை யார் கவனித்தார்கள்!

"போதும் பிள்ளே. நிறுத்தச் சொல்லித் திருவனந்தபுரத்துக்குக் காயிதம் எழுதிட்டேன். இன்னைக்குத் தபால்ல போட்டிரு."

"ஒரே நாள்ல ஆறு பேருக்குமா டாக்டரே ரத்தம் வரும்?"

ரசலையன் நின்றார். ஒரு கோப்பையை எடுத்தார். முகர்ந்தார்...

"ரத்தம் இல்ல... வெத்திலை!"

முதல் கட்டிலில் கடியப்பட்டணத்து மீன்காரன் மரியான் போர்வையைத் தலைவரை இழுத்தான்.

"லேய் மரியான்! நீ வெத்திலை போடுவியா?"

"இல்ல டாக்டரே..."

"பின்ன இது யாருக்க சளி? இப்போ என் முன்னால துப்புலே!"

மரியான் காறினான்... காறினான்... கண்தான் பிதுங்கியது.

"வரல்ல டாக்டரே. எங்க ஆறு பேருக்கும் ரெண்டு மாசமாட்டு இருமலே இல்ல."

"அதச் சொன்னா என்னலே?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீய. ஆனி, ஆடியில வள்ளம் இறங்காது... அங்க கஞ்சிக்கே வழியில்ல. இங்க பாலும் ரொட்டியும் முட்டையும்லா! அதான், ரெண்டாம் வார்டு சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்க சளி. கூலியா எங்க முட்டையைக் கொடுத்திருவோம்."

மணவாளக்குறிச்சிப் பலசரக்குக் கடைக்காரர் சுயம்புலிங்கம் சிவந்த உதட்டோடு வந்து நின்றார்.

"முட்டை தின்னா காசம் போகும்னு சொன்னாவ. ஆறு தின்னா ஆறு மடங்கு வேகமாட்டுப் போவும்லா? இன்னைக்கு வாய் கொப்பளிக்க மறந்துட்டேன், அம்புடுதான்."

ரசலையன் வெடித்தார்.

"வேய்! இவனுவ சுகமானது தெரிஞ்சிருந்தா, ரெண்டு மாசத்துக்கு முன்னயே உமக்கு மாத்திரை தந்திருப்பேன்! உமக்க மருந்தைத் தடுத்தது நீருதான்வே!"

சுயம்புலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. துண்டை எடுத்தார்... சிவப்பு!

இந்தச் சிவப்பில் பாக்கு வாசனை இல்லை.

சர்ரக்! கடிதம் இரண்டாய்க் கிழிந்தது.

"ஜெபகுமாரி, மாத்திரை டப்பாவை எடு! அப்படியே ஒரு கழுவின கோப்பையும்!"

கோப்பையைச் சுயம்புலிங்கத்தின் கையில் திணித்தார் டாக்டர்.

"துப்பும்வே... இந்தத் தடவையாவது உமக்கு வேண்டி!"