இரண்டு வாசல் பெட்டி

அவள் சாவியைத் திருப்பியதும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலி சட்டென்று நின்றது. முன்பெல்லாம் சாவிச் சத்தம் கேட்டாலே இரண்டு கினிப்பன்றிகளும் வெள்ளரிக்காய்க்காகக் கத்தி வீட்டை இரண்டாக்கும். ஒரு மாதமாக அவள் வந்தால் வாயை மூடிக்கொள்கின்றன.

கூண்டுதான் சரியில்லை என்று அவள் நம்பினாள். கம்பித் தரையில் பாதம் புண்ணாகும் என்றார்கள், பலகை போட்டாள். ஜன்னல் காற்று ஆகாது என்றார்கள், உள் மூலைக்கு மாற்றினாள். இடம் போதாது என்றதும், கட்டில் அகலத்துக்குத் தரையிலேயே பலகைத் தடுப்பு கட்டி வைக்கோல் பரப்பினாள். ஒன்றும் பலிக்கவில்லை. மாலையானால் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, புல்லைத் தொடாமல், கண் இமைக்காமல் கிடந்தன. எடை இறங்கிக்கொண்டே வந்தது.

அவற்றின் உயிர் மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். தன் அப்பா இறந்ததிலிருந்து அவளுடைய ஆறு வயது மகள் பாப்பா மனிதர்களிடம் பேசுவதில்லை. பேச்செல்லாம் பஞ்சு, கரிக்கட்டி என்று பெயரிட்ட அந்த இரண்டு கினிப்பன்றிகளிடம்தான். அவை போனால் அந்தக் குரலும் போய்விடும். அலுவலகத்தில் நிலவறைக் கோப்புகளுக்கு அவளை மாற்றி ஒரு மாதம் ஆகிறது. அந்த ஈரக் காகித இருட்டில் உட்கார்ந்தும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கால்நடை மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒளிஞ்சிக்கிற பெட்டிக்கு எத்தனை வாசல்?"

ஒன்று என்றாள்.

"ரெண்டு வைங்கம்மா. ஒரு பக்கமா ஆபத்து வந்தா மறுபக்கமா ஓடணும்ல."

அன்றே பழப்பெட்டி ஒன்றில் இரண்டு பக்கமும் ஓட்டை அறுத்தாள். பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அக்கா கிளம்பும்போது சிரித்தாள். "பகல் பூரா நல்லாத்தான் மேயுதுங்க. நீ வந்தாத்தான் நல்ல பிள்ளைங்க மாதிரி கம்முனு ஆயிடுதுங்க."

அக்கா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. தடுப்புக்குள் பாப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழல் விளக்கின் ரீங்காரம், நனைந்த வைக்கோலின் வாசம், அதற்கும் அடியில் தன் துணியில் ஒட்டி வந்த நிலவறையின் பூஞ்சை நாற்றம் எல்லாம் சேர்ந்து அந்த மூலையில் கனத்து நிற்க, அவள் வெள்ளரித் துண்டோடு குனிந்து பெட்டியின் இடது வாசலுக்கு முகத்தைக் கொண்டுபோனாள்.

இரண்டும் வலது வாசல் வழியாகத் தெறித்து ஓடின.

வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். இடப்பக்கம் ஓடின. மறுபடி சுற்றினாள். மறுபடி ஓடின. கடைசியில் பாப்பாவின் மடியில் ஏறி அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. பாப்பாவும் நகர்ந்தாள். பின்னால். சுவர் வரை.

"என்னைப் பார்த்தா பயப்படுதுங்க?" அவள் வெள்ளரித் துண்டைக் கீழே வைத்தாள்.

பாப்பாவின் உதடு அசைந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"நீ இல்லம்மா. உன் பின்னாடியே வருதே, அது."

அவள் திரும்பவில்லை. பிடரியில் ஈரக் காற்று பட்டது. விட்டு விட்டு. மூச்சு.

நான்தான் கொண்டுவந்தேன். ஒரு மாதமாக, தினமும், என் சாவியால் திறந்து நானே உள்ளே விட்டேன். அப்படியானால் நானே வெளியே கொண்டுபோகலாம். தொலைதூரம். திரும்பி வரவே வேண்டாம். பிள்ளை பிழைத்தால் போதும்.

"பாப்பா, நான் போனதும் தாழ் போட்டுக்கோ."

எழுந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. கூடத்தைக் கடந்தாள். பின்னாலேயே வா, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தாள். கதவைத் திறந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. வாசற்படியைத் தாண்டினாள்.

பிடரியில் எதுவும் இல்லை.

விட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தாள்.

பாப்பா சுவரோடு ஒட்டியிருந்தாள். மடியில் இரண்டும் அசையவில்லை. மூன்று பேருடைய கண்களும் அவளைத் தொடர்ந்து வரவில்லை. அவள் சற்று முன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே, ஆள் உயரத்தில், அப்படியே நிலைத்திருந்தன.

அங்கே வைக்கோல் மெதுவாக அமுங்கியது. ஒரு கால் அளவு. பிறகு, பாப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் அருகில், மறு கால் அளவு.