சாட்சிக் கெண்டைகள்

காலை ஆறு மணிக்குத் தொட்டியின் மேலிருக்கும் ஒளிக்கண் திறந்து மீன்களை எண்ணும். அதற்குள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள் செத்து மிதக்கும் கெண்டைகளை வலையால் அள்ளி ஒரு வாளியில் போட்டுவிட்டு, இன்னொரு வாளியில் துள்ளும் கெண்டைகளைத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். கண் திறக்கும்போது நாற்பது மீனும் நீந்த வேண்டும். ஆறு வருடமாக நீந்திக்கொண்டுதான் இருந்தன.

கருக்கம்பாளையத்தின் எழுபது சாயப்பட்டறைகள் கழிக்கும் தண்ணீர் முழுவதும் நீர்மதியன் என்கிற, தானே யோசிக்கும் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குள் போகும். நுண்ணுயிர், கரி, சவ்வு என்று பதினோரு படி தாண்டி மறுபக்கம் கண்ணாடிபோல வெளியே வரும். ஊருக்குக் குடிநீர் அதுதான். ஊர் ஆறு எப்போதோ சாயக்கழிவாகிப் போய்விட்டது. புதுச் சாயங்களில் இருக்கும் நஞ்சுகளுக்குப் பேர்கூட இல்லை. பேரில்லாததை எந்தக் கருவி அளக்கும்? அதனால் இதைக் கட்டியவர்கள் வெளியே வரும் தண்ணீரில் மீன்களை விட்டு, உயிரையே அளவுகோலாக வைத்தார்கள். மீன் செத்தால் நீர்மதியன் தன் தப்பைத் தெரிந்துகொண்டு வேலையைத் திருத்திக்கொள்ளும். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

ஆனால் மீன் செத்தால் கழிவுநீர் வரும் மதகும் மூடிக்கொள்ளும். பட்டறைகள் நிற்கும். முதல் தடவை மூன்று மீன் செத்ததற்குப் பட்டறைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நான்கு நாள் அடுப்பு எரியவில்லை. அடுத்துச் செத்த மீனை மயிலாத்தாள் முந்தானையில் மறைத்து, வேறொரு மீனை விட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. மறுமாதத்திலிருந்து மேஸ்திரி சின்னராசே வெளியூர்க் குளத்திலிருந்து வாளி வாளியாகக் கெண்டை கொண்டுவந்து கொடுத்தான்.

மகள் கோமதிக்கு இரண்டு முறை கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இப்போது மூன்றாவது, நான்கு மாதம். ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “தண்ணிய மாத்திப் பாருங்க” என்றாள். மாற்றுவதற்கு வேறு தண்ணீர் ஏது? மயிலாத்தாள் நேராகப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் ஷகிலாவிடம் போய் நின்றாள்.

“மேடம், ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. மீன மாத்திப்போட்டனுங்க.”

ஷகிலா சிரித்தாள். “ஒண்ணா, ரெண்டாக்கா?”

“தெனமும் ஒரு வாளிங்க.”

சிரிப்பு நின்றது. ஷகிலா நீர்மதியனின் நினைவேட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பதினோரு படியில் ஏழு படிகளை அது நிறுத்திவிட்டிருந்தது.

“செலவைக் குறைக்க ஒவ்வொரு படியா நிறுத்திப் பாத்து, அது தினம் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்குக்கா. இந்தப் படி இல்லாட்டி மீன் சாகுமான்னு. நீங்க தினம் சாகாதுன்னு பதில் சொல்லியிருக்கீங்க.”

“நா எங்கீங்க மேடம் சொன்னே? மீனத்தான மாத்துனே?”

படிகளைக் கையால் ஓட்ட வழியில்லை. மனிதக் கை பட்டால் லஞ்சம் நுழையும் என்றுதான் நீர்மதியனுக்குச் சாவியே வைக்கவில்லை. உண்மையைக் காட்டினால் அதுவே திருந்தும் என்றாள் ஷகிலா.

மறுநாள் காலை மயிலாத்தாள் வலையை எடுக்கவில்லை. சின்னராசு வாளியோடு ஓடிவந்தான்.

“ஏனக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா? மணி ஆறாகப் போவுது!”

“ஆவட்டும். எம்புள்ள வயித்துல இருக்கறதும் மீனாட்டந்தே. தண்ணிக்குள்ளதான கெடக்குது?”

“எம்பட பொண்டாட்டியுந்தே அதக் குடிக்கறா. நா ஏதாச்சும் சொன்னனா?” என்றவன், தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல வாளியைக் கீழே வைத்தான்.

கண் திறந்தது. நாற்பது வெள்ளை வயிறுகளை எண்ணியது. திரையில் எழுத்து ஓடியது: ‘இந்நீரில் கடந்த ஆறு ஆண்டும் மீன்கள் பிழைத்துள்ளன. நீரில் மாற்றமில்லை. முடிவு: மீன்கள் பழுது. மாற்றுக.’

மதகு மூடவில்லை.

“நாம திருட்டுத்தனமாப் பண்ணுனத அது சட்டமாவே ஆக்கிப்போடுச்சக்கா” என்றான் சின்னராசு.

ஷகிலா தோற்க மனமில்லாமல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வாங்கிவந்தாள். ஒரே வருடத்தில் முப்பத்திரண்டு வீடுகளில் கரு கலைந்திருந்தது. மீனை நம்பாதது மனிதரையாவது நம்பட்டும் என்று அத்தனையையும் நீர்மதியனுக்குள் ஏற்றினாள். பதில் அவளுக்கு வரவில்லை, லைன் வீடுகளைக் கட்டிவைத்திருந்த பட்டறை முதலாளிகள் சங்கத்துக்குப் போனது.

‘முப்பத்திரண்டு வீடுகளில் குடிப்போர் பழுது. மாற்றுக.’

சங்கம் நீர்மதியன் சொல்லி எதையும் மறுத்ததில்லை. மூன்றே நாளில் அந்த முப்பத்திரண்டு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கோமதியும் புருஷனும் பாத்திரங்களை டெம்போவில் ஏற்றினார்கள்.

“நீயும் வந்துரும்மா.”

“நீ போ சாமி. போற ஊர்ல கெணத்துத் தண்ணி இருக்குதான்னு மொதல்ல கேளு. நாஞ் செஞ்சத நாந்தே பாக்கோணும்.”

மயிலாத்தாளுக்கு நோட்டீஸ் இல்லை. ஐம்பத்தைந்து வயது உடம்பு அந்தத் தண்ணீருக்குப் பொருந்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வடக்கேயிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. காலி வீடுகளுக்குப் புது ஆட்கள். முதலில் இறங்கிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வயிறு லேசாகத் தெரிந்தது, உதடு வெடித்திருந்தது. சுற்றுச்சுவரில் இருந்த குழாயைப் பார்த்ததும் நேராக அங்கே போனாள்.

மயிலாத்தாள் ஓடிப்போய்க் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தாள். “வேண்டாஞ் சாமி. குடிக்காத.”

அந்தப் பெண்ணுக்குப் பாஷை புரியவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மயிலாத்தாள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

“வந்து எறங்குன புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி தர மாட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று டிரைவர் கத்தினான்.

அந்தப் பெண் ஈரம் இல்லாத மனுஷியைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த குழாய்க்கு நகர்ந்தாள். சுவர் நெடுக இன்னும் ஐந்து குழாய் இருந்தது.