நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கன்

ஐம்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி. ராயபுரம் கடற்கரையோரம் இருந்த எண்ணெய்க் கிடங்குக்கு லியாகத் அலி வந்தபோது மழை விட்டிருந்தது. மதியமே இருட்டிக்கொண்டு கிடந்தது. கப்பலிலிருந்து மண்ணெண்ணெயை இழுக்கும் பம்பு மூன்று மாதமாகப் பாதிதான் இழுக்கிறதாம். அதைச் சரிசெய்யத்தான் அவரை அழைத்திருந்தார்கள்.

கப்பல் காத்திருக்கிறது என்று மேஸ்திரி ஹென்றி அவசரப்படுத்தினார்.

லியாகத் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டினார். பம்பின் சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சுக்குத் திணறுவது போலிருந்தது.

"கீழ வடிகட்டி அடைச்சுகினு கீது சார். குழில எறங்கணும்."

ஹென்றியின் முகம் வெளுத்தது. மூன்று மாதம் முன்பு கிடங்குத் தொழிலாளி ராசையா அந்தக் குழியில்தான் மூழ்கிச் செத்தான். கால் வழுக்கியதாகச் சொல்லி முடித்திருந்தார்கள். அதன்பின் யாரும் இறங்கவில்லை.

இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை மேலே இருக்கும் வால்வுச் சக்கரத்தில் மாட்டவேண்டும். அது தொங்கும்வரை முதலாளியே வந்தாலும் சக்கரத்தைத் தொடக்கூடாது. வடிகட்டி திறந்திருக்கும்போது திருப்பினால் கப்பல் எண்ணெய் குழிக்குள் கொட்டிவிடும். பம்பை நிறுத்தி, சக்கரத்தை மூடி, வாசலில் கொடுத்த ஒன்பதாம் நம்பரை மாட்டிவிட்டு லியாகத் இறங்கினார்.

இருபது படி. ஈரம். நெஞ்சை அடைக்கும் எண்ணெய் வாடை.

வடிகட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டார். துணி தட்டுப்பட்டது. இழுத்தார். காக்கிச் சட்டையின் கிழிந்த கை. மணிக்கட்டுப் பித்தான் போட்டபடியே இருந்தது.

மேலே சக்கரம் கிறீச்சிட்டது.

"சார், நா உள்ள கீறேன்."

மறுபடியும் கிறீச்சிட்டது.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

சட்டென்று கிறீச்சு நின்றது. அவர் தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஏறு பாய்."

எப்படி ஏறினாரோ, அவருக்கே தெரியாது. மேலே ஹென்றி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். லியாகத்தின் டோக்கன் தரையில் கிடந்தது. சக்கரத்தில் வேறொன்று தொங்கியது. நாற்பத்தொன்று. அதிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"யாருது சார் இது?"

"ராசையாவுது." ஹென்றி டோக்கனையே பார்த்தார். "அன்னிக்கும் கப்பலு நின்னுகினு இருந்துச்சு. நான்தான் டோக்கன கழட்டிட்டு சக்கரத்த திருப்பினேன். அப்புறம் அத அவன் ஜோபில போட்டு, சவப்பொட்டிய மூடினதும் நான்தான்."

அன்று பம்பு முழுசாக இழுத்தது. பொழுது சாய்வதற்குள் கப்பல் காலி. ஹென்றி மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அதன்பின் குழியில் இறங்க யாரும் பயப்படவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் நிற்கத்தான் பயந்தார்கள். இறங்குகிறவன் தன் டோக்கனை மாட்டப்போனால், அங்கே ஒன்று முன்னமே தொங்கிக்கொண்டிருக்கும், ஈரமாக.