சாம்பல் நிற வயர்

“என்னைக் கொலைகாரன்னு சொல்றாங்க சார்,” என்று வாசலிலேயே உடைந்துபோனார் வயர்காரர். பதினெட்டு வருஷமாக வீடு வீடாக இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறவர்.

அவர் தேடி வந்தது, டெலிபோன் ஆபீஸில் லைன் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரை. அவருக்குத் துப்பறிவாளர் என்று பட்டம் கட்டியது அவருடைய மச்சான். வாலாகக் கூடவே அலைவதும் அதே மச்சான்தான்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தெரு அம்மாவுக்கு மூச்சுக் கோளாறு. கட்டிலருகே ஒரு கருவி. மூச்சு குறைந்தால் இன்டர்நெட் வழியாக, கடையில் வேலை பார்க்கும் மகளின் செல்போன் அலறும். செவ்வாய் மத்தியானம் அம்மா போய்விட்டார், செல்போன் அலறவேயில்லை. மட்டமான வயர்தான் காரணம், கேஸ் போடுவேன் என்று நிற்கிறான் மகன்.

மூவரும் போனார்கள். கருவியின் முகப்பில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து ஒல்லியான சாம்பல் நிற வயர், ஹாலில் டிவி பக்கத்திலிருந்த ரூட்டர் வரை விறைப்பாக ஓடியது.

மச்சான் குனிந்து பார்த்துத் துள்ளினான். “அத்தான், இது டெலிபோன் வயர்! உள்ள நாலே கம்பி. இதுல இன்டர்நெட் எப்படி வரும்? ஆள் மாட்டிக்கிட்டான்!”

“அவசரக்குடுக்கை, சும்மா இரு,” என்றார் பெரியவர். ஹால் மூலையில் பழைய டெலிபோன் தூசி படிந்து கிடந்தது. அதன் பின்னால் மட்டும் கோடு போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பிறகு டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

மகனையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இந்த ஆளு எங்க வயர் போட்டாலும் ரெண்டு சுத்து மிச்சம் விட்டு, வெள்ளை நூல்ல கட்டுவாரு. என் வீட்டுலயும் அப்படித்தான். இந்தச் சாம்பல் வயர்ல சுத்தும் இல்ல, நூலும் இல்ல. நூல் கட்டின தடிச்ச நீல வயர் உங்க டிவில இருக்கு, தம்பி. டெலிபோன் வயரைப் பிடுங்கி அம்மா கருவில சொருகினது யாரு?”

மகன் தலை கவிழ்ந்தான். “மேட்ச் திக்கித் திக்கி ஓடுச்சு. வயர் போட்டா நல்லா வரும்னாங்க. நீல வயரை டிவிக்கு எடுத்துட்டு, டெலிபோன் வயரைக் கருவில சொருகினதும் டக்குன்னு உக்காந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன்.”

“அதுவரைக்கும் நம்புறேன். தெரியாத்தனம்.” பெரியவர் எழுந்து பிளாஸ்திரியை உரித்தார். அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “லைன் அறுந்தா இது எரியும். இதை மூடினது யாரு?”



“அம்மா அது என்ன லைட்டுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க,” என்றான் மகன். “கடைசி ஓவர் போய்க்கிட்டிருந்துச்சு. ஒண்ணுமில்லம்மா, தூங்குங்கன்னு ஒட்டிட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.”

வயர்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பழி நீங்கியதற்காக அழுத மாதிரி தெரியவில்லை.

மகள் தன் செல்போனைப் பார்த்தபடி சொன்னாள்: “அம்மா போன அன்னிக்கு முழுக்க இதைக் கையிலயே வெச்சிருந்தேனே அண்ணா. அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்திருப்பேனே.”