அச்சமில்லாத கையொப்பம்

மூன்றாவது முறையும் நெஞ்சறி கருவியில் சிவப்பு விளக்கே எரிந்தது. "படைப்பாளரிடம் அச்சம் தென்படுகிறது. யாரோ மிரட்டியிருக்கலாம். ஒப்புதல் இல்லை."

கோகிலவாணி அந்தக் கருவியின் நெற்றிப்பட்டையைக் கழற்றி வைத்தாள். செயலி எழுதுகிறவர்களை மிரட்டி, செயலிக்குள் திருட்டு வேலையைப் புகுத்திய கும்பல்களை ஒழிக்கத்தான் செயலிச்சந்தை இந்த விதியைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கொருமுறை உரிமையாளர் பயமில்லாத மனத்தோடு கையொப்பமிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதற்கென்றே ஆள் வைத்திருந்தன. ஈரோட்டில் ஒற்றை அறையில் உட்கார்ந்து எழுதுகிற அவளுக்கு அவளேதான் எல்லாம்.

அவள் எழுதிய 'நிதானம்' மணிக்கட்டுப் பட்டைக்குள் ஓடி, நடுங்கும் கைகளை நிலைநிறுத்தும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை நம்பித்தான் சோறு அள்ளிச் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் வராவிட்டால் அத்தனை பேர் கையிலிருந்தும் அது அழிந்துபோகும். அதை நினைத்துப் பயப்படாமல் எப்படிக் கையொப்பமிடுவது?

மாடியில் குடியிருந்த டயர்க்கடைக்காரர் நாச்சிமுத்துவிடம் போனாள்.

"என் செயலிய உங்க பேருக்கு மாத்தித் தர்றனுங்க. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுங்களே?"

"அதுதானுங்க வேணும்."

நாச்சிமுத்து கொட்டாவி விட்டபடியே கையொப்பமிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. கூடவே 'நம்பிக்கைக்குரிய படைப்பாளர்' என்ற முத்திரையும் வந்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும்தான்.

அதன்பிறகு பயனர்களின் கடிதங்களெல்லாம் உரிமையாளர் பெயருக்கே போயின. முதலில் அவர் படிக்காமலேயே அவளுக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் கடையில் வேலையில்லாமல் ஒன்றைத் திறந்தார். பவானித் தையல்காரர் ஒருவர், ஆறு வருஷம் கழித்துத் தன் கையாலேயே ஊசியில் நூல் கோத்ததாக எழுதியிருந்தார். நாச்சிமுத்து அதை இரண்டு தடவை படித்தார்.

மறுநாளே கீழே இறங்கி வந்துவிட்டார். "ஏனுங்க, கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க, இடதுகை இன்னும் நடுங்குதாமா. பாத்தீங்களா?"

"பாத்துட்டிருக்கறனுங்க."

"சீக்கிரம் பாருங்க. பாவம், காப்பி டம்ளரே புடிக்க முடியலையாமா."

அடுத்த ஆண்டு கையொப்பத்துக்காக நாச்சிமுத்து நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டார். பேனாவை எடுப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னத்த நெனச்சீங்க?" என்றாள் கோகிலவாணி.

"அறுநூறு பேருங்க இப்போ..." என்றவர் பட்டையைக் கழற்றினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தர் இருக்காரு. எதுக்குமே அலட்டிக்க மாட்டாரு. கூட்டிட்டு வர்றேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அவருகிட்ட ஒரு கடுதாசியக்கூடக் காட்டீராதீங்க."