பிடிப்புப் பிள்ளை

காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் பற்றுமானியில் கட்டைவிரலை வைத்தேன். எண்பத்தெட்டு. வேலைமேல் எனக்கு இருக்கும் பிடிப்பின் அளவு அது. மூன்று மாதம் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பதினோரு வருஷமாக எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பாடம் நடத்த இப்போது ஆள் தேவையில்லை. பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் பெரியவர் யாரும் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சையே நிறுத்திவிட்டன. அதனால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கட்டாயம். நாற்பது பேரும் எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த டீச்சருக்கு வேலை ஓடும்? கும்பல் கும்பலாக ராஜினாமா செய்தார்கள். சம்பளத்தை ஏற்றிப் பார்த்தார்கள், விருது கொடுத்துப் பார்த்தார்கள். ம்ஹும்.

பற்றை ஏற்றியது ஒன்றே ஒன்றுதான். எத்தனை தடவை சொன்னாலும் புரியாமல், நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, மறுபடி மறுபடி முயலும் ஒரு பிள்ளை. எனவே ஒவ்வொரு ஜூனிலும் வகுப்புக்கு ஒரு பிள்ளையின் சில்லைத் திருப்பி, படித்தது எதுவும் தங்காமல் செய்துவிடுவார்கள். பெயர், பிடிப்புப் பிள்ளை. பெற்றோருக்குச் சொல்வதில்லை. டீச்சர் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினோரு பிள்ளைக்குப் போட்டிருக்கிறேன். ஒரு வருஷம்தானே, அப்புறம் சரியாகிவிடும் என்றார்கள். சரியானதா என்று நான் கேட்டதே இல்லை. இந்த வருஷம் இசக்கிமுத்து. தங்கமான பயல். அவனுக்காகவே சனிக்கிழமையும் பள்ளிக்கு வருகிறேன்.

என் மகள் நறுமுகை வேறு பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் செய்தித்தாளைக் கடகடவென்று வாசித்தவள், நேற்று பிஸ்கட் பாக்கெட்டின் பெயரை எழுத்துக்கூட்டித் திணறினாள். சில்லைத் திருப்பிய பிள்ளைகள் அப்படித்தான் திணறும். மதியமே லீவு போட்டுவிட்டுப் பற்று அலுவலர் ஜெபராஜிடம் போய் நின்றேன்.

“என் பிள்ளையவா சார்? உங்களுக்கு வேற பிள்ளையே கிடைக்கலையா?”

“உட்காருங்க மேடம். அந்த வகுப்பு கோமதி டீச்சர் நாப்பத்தொண்ணுக்கு வந்துட்டாங்க. உங்க மக சில்லைத் திருப்பினதும் எழுபத்தாறு.” திரையை என் பக்கம் திருப்பினார். “நீங்க எழுதிக் கொடுத்த குறிப்பை வச்சுத்தான் மாவட்டம் முழுக்கத் தேர்வு பண்றோம். ‘தப்பானா அழக் கூடாது. சிரிச்சுக்கிட்டே திரும்பக் கேக்கணும்.’ உங்க வாசகம்தானே?”

என் வாசகம்தான். நறுமுகையை அப்படித்தான் வளர்த்திருந்தேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“ஏப்ரல்ல பழையபடி ஆயிடுவாளா சார்?”

“பாதிக்கு மேல திரும்பிரும்.”

“பாதியா?”

“இத்தனை வருஷம் நீங்க கேட்கலையே மேடம்.”

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “இன்னிக்கே சில்லைப் பழையபடி மாத்திட்டா அவளுக்கு முழுசாத் திரும்பும். ஆனா கோமதி டீச்சருக்கு யாராவது வேணும். பொருத்தமான பேர் ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்தேன் என்று சொன்னால் பொய். “இசக்கிமுத்து,” என்றேன். “அவனும் மூணாம் வகுப்புதான். அவன் இல்லாம என் வகுப்பை நான் சமாளிச்சுக்கிறேன். ஏற்கெனவே திருப்பின பிள்ளை. அங்கே அடுத்த வருஷமும் இப்படியே இருந்தாலும் வீட்ல சந்தேகப்பட மாட்டாங்க.”

“ரெண்டு வருஷம் ஆயிட்டா அவனுக்கு அப்புறம் எதுவும் திரும்பாது மேடம்.”

“எங்கே கையெழுத்துப் போடணும்?”

மறுநாள் இசக்கிமுத்து பையை மாட்டிக்கொண்டு விடைபெற வந்தான். கையில் ஒரு கொய்யாப்பழம். எனக்காம்.

“டீச்சர், என்னைய வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்களாம். அங்க போனா நான் வாசிச்சுருவேனா டீச்சர்?”

“வாசிச்சிருவடா ராசா.”

நான் சொன்னால் அவன் நம்புவான். நம்பினான்.