கேள்வியை மட்டும் சொன்னவள்

அம்மா கடைசியாகச் சொன்னதற்குச் சத்தமே இல்லை.

காலை ஷிப்டுக்குக் கிளம்பியவள் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். விரலால் தன் காதோரத்தைத் தொட்டு, அப்படியே கீழே இழுத்துக் காட்டினாள். 'ரிப்பன் அவிழ்ந்து தொங்குது, கட்டிக்கோ' என்று அர்த்தம். வாசலில் நின்ற மகள், 'நீ போ, நான் பார்த்துக்கறேன்' என்று கையை வீசினாள். அம்மா சிரித்துக்கொண்டே முனையில் திரும்பி மறைந்தாள்.

அம்மாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. அங்கே எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். நூல் அறுந்தால் ஒரு சைகை. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு சைகை. மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவார்கள். இப்போதைய மேஸ்திரிக்கு மீசை கிடையாது. அவருக்கு முன்னால் இருந்தவருக்கு இருந்தது. ஆள் மாறினாலும் சைகை மாறவில்லை.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பேச்சு தாய்ப்பாலோடு வந்துவிடும்.

அம்மாவுக்குப் பல மாதங்களாக இருமல். கூடம் முழுக்கப் பறக்கும் பஞ்சுத் தூசிதான் காரணம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "அடுத்த வாரம் போறேன்" என்பாள். அந்த அடுத்த வாரம் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மதியம் தறி ஓரத்தில் மயங்கி விழுந்தவள், பிறகு வீட்டுக்கு வரவில்லை.

மகளுக்கு வயது பத்து. வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்பா பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவர். அவருக்கு இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். கடுகு பள்ளிவிட்டு வரும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். பாவம், அவரும் முயன்று பார்த்தார். ஒரு நாள் வாசலில் நின்று, அம்மாவைப் போலவே கையை ஆட்டி, 'சாப்பிட்டுப் படு' என்று சொல்ல நினைத்தார். கை சொன்னதோ, 'நூல் அறுந்துடுச்சு, சீக்கிரம் வா.'

கடுகு சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினாள். அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார். கதவைச் சாத்திய பிறகு, வீட்டில் அவளோடு பேச யாரும் இல்லை.

பள்ளியிலும் அப்படித்தான். அவர்களுடைய ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண் வரிசைப்படிதான் இடம். முதல் பெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் சாயங்காலம் டியூஷன் போகிறவர்கள். அம்மா இருந்தபோது கடுகு நடுப் பெஞ்சில் இருந்தாள். அம்மா போன மாதத்தில் பரீட்சையும் போனது. கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அங்கே அவள் ஒருத்திதான். மூன்று பேர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிறகுதான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். "புதுசா வந்தவ பின்னாடி போய் உட்காரு" என்றார் டீச்சர். அன்றிலிருந்து அவள் பெயர் புதுசு.

புதுசு யாரோடும் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் பதில் சொல்ல மாட்டாள். சொன்னாலும் சம்பந்தமில்லாமல் சொல்வாள். 'தூங்குமூஞ்சி' என்றார்கள் பிள்ளைகள். கடுகுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் கடுகுக்குத் தாகம். ஏதோ நினைப்பில், பழக்கதோஷத்தில், கட்டைவிரலை வாயருகே சாய்த்தாள். 'தண்ணி இருக்கா?'

புதுசு தன் பாட்டிலை நகர்த்திவிட்டு, கையாலேயே கேட்டாள். 'நீயும் தறி வீடா?'

கடுகு தாகத்தையே மறந்துபோனாள். அம்மா போன பிறகு அவளிடம் இப்படிப் பேசிய முதல் ஆள் இவள்தான். அன்று மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் கைகளை நிறுத்தவில்லை. ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசினார்கள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ கொசு விரட்டுவது போல இருந்திருக்கும்.

கொஞ்ச நாளிலேயே கடுகு ஒன்றைக் கவனித்தாள். டீச்சர் முகத்தைக் காட்டிக் கேட்டால் புதுசு பதில் சொல்லுவாள். கரும்பலகையைப் பார்த்தபடி கேட்டால் விழிப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். அவள் தூங்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்துத்தான் எல்லாம் புரிந்துகொள்கிறாள்.

கடுகு அதைப் பற்றிக் கேட்டதும் புதுசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பழைய ஸ்கூல்ல தெரிஞ்சதும் 'வேற எடம் பாருங்க'ன்னுட்டாங்க."

கடுகு சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. சொன்னால் பெஞ்சு மறுபடி காலியாகிவிடுமே.

ஆனால் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "நானும் எத்தனை தடவை கேக்கறது? செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி நிக்கறா. வெள்ளிக்கிழமை வாய்க்கணக்கு. அதுலயும் வாய் திறக்கலன்னா நாலாம் வகுப்புதான்."

புதுசு கணக்கில் புலி. அது கடுகுக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. டீச்சர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தபடி கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். புதுசின் முறை வந்தபோதும் அவர் திரும்பவில்லை.

"ஏழு எட்டு எவ்வளவு?"

புதுசு எழுந்து நின்றாள். அவள் கண்கள் டீச்சரின் முதுகிலேயே இருந்தன. முதுகுக்கு உதடு இல்லை.

தறிக்கூடத்தில் எண்களுக்கும் சைகை உண்டு. கடுகு புதுசின் கண்ணில் படும்படி மேசைக்கு மேலே கையைத் தூக்கினாள். ஏழு. பெருக்கல் குறி போல ஒரு விரல்மேல் ஒரு விரலைக் குறுக்கே வைத்தாள். எட்டு.

"ஐம்பத்தாறு" என்றாள் புதுசு.

முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டான். "டீச்சர், கடுகு கையால சொல்லித் தர்றா."

டீச்சர் விறுவிறுவென்று வந்தார். இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார். காப்பியடிப்பதிலேயே இது புது ரகமா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது.

கடுகு புதுசைப் பார்த்தாள். புதுசு 'வேண்டாம்' என்று மெல்லத் தலையாட்டினாள். சொல்லாவிட்டால் நாலாம் வகுப்பு. சொன்னால் என்ன ஆகுமோ தெரியாது. எப்படிப் பார்த்தாலும் கடுகுக்குப் பக்கத்து இடம் காலிதான்.

"நான் விடையச் சொல்லல டீச்சர். கேள்வியத்தான் சொன்னேன்."

"கேள்வியத்தான் நான் சொன்னேனே?"

"நீங்க சொன்னது அவளுக்குக் கேக்கல."

சிரிப்பு நின்றது.

"நான் கையைக் கட்டிக்கறேன் டீச்சர். நீங்க அவ முகத்தப் பாத்துக் கேளுங்க."

டீச்சர் புதுசுக்கு நேராக நின்று கேட்டார். பதில் வந்தது. இன்னும் கஷ்டமாகக் கேட்டார். பதில் வந்தது. முதல் பெஞ்சுக்காரர்களே தடுமாறும் கணக்கைக் கேட்டார். அதற்கும் வந்தது. பிறகு சுற்றிப் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டார். புதுசு அடுத்த கேள்விக்காக, காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"சின்ன வயசுல காது வலிக்கும், சீழ் வரும்" என்றாள் புதுசு. "அப்புறம் வலி நின்னுடுச்சு. சத்தமும் நின்னுடுச்சு."

நாலாம் வகுப்புப் பேச்சு அத்தோடு முடிந்தது. உடனே அம்மாவோடு போய்க் காது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும், உதடுகள் நன்றாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னார்.

அன்று மதியம் அந்த முதல் பெஞ்சுப் பையன் தயங்கித் தயங்கி வந்தான். சைகைகளைத் தனக்கும் சொல்லித் தருவார்களா என்று கேட்டான். டீச்சர் வருகிறார் என்பதற்கு ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லச் சொன்னான். புதுசு மீசையை முறுக்கிக் காட்டினாள்.

"டீச்சருக்குத்தான் மீசை இல்லையே?"

"அது பரவாயில்ல" என்றாள் கடுகு.

திங்கட்கிழமை புதுசு வந்து உட்கார்ந்ததும் கடுகு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். புதுசு காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதை முன்னால் தள்ளினாள்.

'அடுத்த வாரம்.'

கடுகு அந்த வார்த்தையை முன்பே கேட்டிருக்கிறாள். மதிய இடைவேளை மணி அடித்ததும் புதுசின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் அம்மா வேலை செய்யும் தறிக்கூடத்துக்கு நடந்தாள். அம்மா போன பிறகு அவள் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

கூடத்தின் முற்றத்தில் பெண்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். புதுசின் அம்மா மகளைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். கடுகு விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா, பாப்பா? நான் சேந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. லீவு கேட்டா, அந்த ஜன்னலோரத் தறிக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. அடுத்த வாரம் எப்படியாவது போறேன்."

கடுகு ஜன்னலைப் பார்த்தாள்.

"தெரியும், அத்தை. அது எங்கம்மா தறி."

அந்த அம்மாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"அவங்களும் அடுத்த வாரம்னுதான் சொல்லுவாங்க" என்றாள் கடுகு.

சங்கு ஊதியது. பெண்கள் உள்ளே போனார்கள். புதுசின் அம்மாவும் அவர்களோடு போனாள். தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியில் தரையே அதிரத் தொடங்கியது. பிள்ளைகள் இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே புதுசின் அம்மா பக்கத்துத் தறிப் பெண்ணிடம் கையை அசைத்தாள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கடுகை அவளுக்குத் தெரியும். கண்ணை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு புதுசின் அம்மாவின் தறியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். 'அதை நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா.' எதிர்ப்பக்கத்துப் பெண்ணும் தலையாட்டினாள்.

புதுசின் அம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பிறகு கண்ணை அகலத் திறந்தாள்.

தூங்கி எழுந்ததும். அதாவது நாளைக்கு.

மறுநாள் போனார்கள். ஏன் இத்தனை வருஷம் கழித்து வந்தீர்கள் என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். புதுசின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாளாம். ஒரு காதுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொரு காதை மருந்து போட்டுக் காப்பாற்றிவிடலாம். பள்ளியில் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் பெஞ்சில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. டீச்சர் கூப்பிட்டதும் புதுசு எழுந்திருக்காமல் கடுகையே பார்த்தாள். கடுகு அவள் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

இப்போது டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்ற பிறகுதான் பேசுகிறார். கரும்பலகையின் கீழ்வரி கடுகுக்குத் தெரியாது, முன்னால் அத்தனை தலைகள். அப்போதெல்லாம் முதல் பெஞ்சில் இருக்கும் ஒரு கை முதுகுக்குப் பின்னால் வந்து, அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். கடுகு எழுதிக்கொள்வாள்.

கடைசி பெஞ்சு முழுக்க அவளுக்குத்தான். ஆனாலும் அவள் ஓரத்தில்தான் உட்காருகிறாள்.